ஓய்வுகாலச் செலவு யார் பொறுப்பு: அரசா, நாமா?

கேள்வி: எனக்கு வயது 35. சம்பள வேலை. கணவர் சொந்தமாகத் தொழில் செய்கிறார். ‘வாழ்நாள் முழுக்க வரி கட்டுகிறோம், வயதான காலத்தில் நம்மைப் பார்த்துக்கொள்வது அரசின் கடமை. இப்போதே வயிற்றைக் கட்டிச் சேர்க்க வேண்டியதில்லை’ என்பது அவர் கட்சி. ‘அரசை நம்பி உட்கார்ந்தால் நடுத்தெருவில்தான் நிற்போம், நம் காசுதான் நமக்கு’ என்பது என் கட்சி. மாதாமாதம் இது சண்டையில்தான் முடிகிறது. உண்மையில் யார் பொறுப்பு? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கணவர் கேட்பது நியாயம், அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தப்பு. உங்கள் பயமும் நியாயமானதே. ஆனால் ‘நம் காசுதான் நமக்கு’ என்று முடித்துவிட்டீர்களே, அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை.

காரணத்தைச் சொல்கிறேன். 30 வருடம் கழித்து உங்களுக்கு வேண்டிய மாத்திரையை இன்றே வாங்கி அலமாரியில் அடுக்க முடியாது. அன்றைக்கு வேலையில் இருக்கும் ஒருவர்தான் அதைத் தயாரிக்க வேண்டும். ஊசி போடும் செவிலியர் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்ந்திருக்க மாட்டார். அவருக்கான சம்பளம் வரியாக வசூலாகி அரசு வழியாகப் போகலாம், உங்கள் சேமிப்பிலிருந்தும் போகலாம். இரண்டிலும் ஓய்வுபெற்றவரைத் தாங்குவது அந்தந்தக் காலத்தில் உழைப்பவர்கள்தான். ஆகவே பணம் யாருடையது என்ற வாதத்தை ஓரமாக வையுங்கள். போட்ட கணக்கு தப்பினால் நஷ்டம் யார் தலையில் விழும்? நான் கேட்பது இதைத்தான்.

முதலில் உங்கள் கணவரின் கட்சி. ‘கட்டினேன், அதனால் கிடைக்க வேண்டும்’ என்கிறார். 1889இல் பிஸ்மார்க் தலைமை அமைச்சராக இருந்த ஜெர்மனி கொண்டுவந்த முதியோர் ஓய்வூதியச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டினார்கள், அரசும் தன் பங்கைப் போட்டது. ‘அரசா, தனிமனிதரா’ என்ற கேள்விக்கு அன்றே கிடைத்த பதில், ‘மூன்று பேரும் சேர்ந்து’ என்பதுதான். ஓய்வூதிய வயதை 70 என்று வைத்திருந்தார்கள், அது 65 ஆகக் குறைந்தது 1916இல். பிரிட்டனில் 1908இல் சட்டமாகி மறு ஆண்டு தொடங்கிய ஓய்வூதியத்துக்குச் சந்தாவே கிடையாது. பணம் முழுக்க வரியிலிருந்து. ஆனால் அங்கும் வயது 70, அதிலும் வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும். அன்று அந்த வயதைத் தொட்டவர்களே குறைவு.

அமெரிக்க அரசின் ‘சமூகப் பாதுகாப்பு’ (Social Security) என்ற ஓய்வூதியத் திட்டத்தில் முதல் மாதாந்திரக் காசோலையை 1940இல் வாங்கியவர் ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணி. ஏறக்குறைய மூன்று வருடம் அவர் கட்டிய தொகை மொத்தம் 24.75 டாலர். முதல் காசோலையே 22.54 டாலர், இரண்டாவது மாதத்தில் போட்டதை எடுத்துவிட்டார். நூறு வயது வரை வாழ்ந்து, மொத்தம் 22,888.92 டாலர் வாங்கினார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது, சட்டப்படி வந்த பணம். ஆனால் அந்த 22,000 சொச்சமும் அவர் கட்டிய பணமா? இல்லை. பின்னால் வேலைக்கு வந்தவர்களின் சந்தா. 1950இல் அந்த நாட்டில் ஓய்வூதியம் பெறும் ஒருவருக்குச் சந்தா கட்டுபவர்கள் 16 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது மூன்று பேர்கூட இல்லை. அரசுக் கருவூலத்தில் உங்கள் கணவர் பெயரில் ஒரு பெட்டி இருந்து, அவர் கட்டும் வரி அதில் சேர்ந்துகொண்டே வருவதில்லை. இன்று வரும் பணம் இன்றைய முதியவர்களுக்கு இன்றே போய்விடுகிறது. அவர் கையில் மிஞ்சுவது ஒரு வாக்குறுதி.

அந்த வாக்குறுதி எவ்வளவு கெட்டி என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1960லேயே சொல்லிவிட்டது. நாடு கடத்தப்பட்ட ஒருவரின் ஓய்வூதியம் நிறுத்தப்பட்ட வழக்கு அது. சந்தா கட்டியதாலேயே அந்தப் பணம் ஒருவரின் சொத்தாகிவிடாது, நாடாளுமன்றம் அதை மாற்றலாம் என்பது தீர்ப்பின் சாரம். மற்ற நாடுகளில் சட்டம் வேறாக இருக்கலாம், ஆனால் விதியை மாற்றும் பழக்கம் எங்கும் உண்டு. பிரான்சில் 2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64க்கு உயர்த்தச் சட்டம் வந்தபோது தெருவே கொந்தளித்தது. டென்மார்க் 2040இல் 70 ஆக்கப்போவதாக 2025இல் சட்டம் போட்டது. பிஸ்மார்க் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள், ஆனால் இப்போது 70ஐத் தொடுபவர்கள் ஏராளம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா’ என்று கணவரைப் பார்க்காதீர்கள். அடுத்தது உங்கள் முறை.

‘அவரவர் காசு அவரவருக்கு’ என்பதை ஒரு நாடே செய்து பார்த்தது. சிலி 1981இல் பழைய முறையை மாற்றி, சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தொழிலாளியே தன் பெயரிலான கணக்கில் போட வேண்டும், தனியார் நிறுவனங்கள் அதை முதலீடு செய்யும் என்றது. முதலாளி பங்கு இல்லை. (ஆட்சியில் இருந்தது ராணுவம். புதிய முறை அவ்வளவு நல்லதென்று சொன்னவர்கள் ராணுவத்தினரைப் பழைய முறையிலேயே வைத்துக்கொண்டார்கள்!) தொடர்ந்து நல்ல சம்பளத்தில் இருந்தவர்களுக்குச் சரிப்பட்டது. வேலை விட்டு விட்டுக் கிடைத்தவர்கள், பதிவில்லாத வேலையில் இருந்தவர்கள், பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண்கள் ஆகியோரின் கணக்கில் பெரிதாக எதுவும் சேரவில்லை. 2008இல் அரசு வரிப்பணத்திலிருந்து ஏழை முதியவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது, 2022இல் அதை இன்னும் விரிவாக்கியது. 2025இல் முதலாளியும் சந்தா கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. இடையில் பெருந்தொற்றுக் காலத்தில் மூன்று முறை கணக்கிலிருந்து 10 சதவீதம் வீதம் எடுக்க அனுமதித்தார்கள். துடைத்து எடுத்தவர்கள் ஏராளம்.

உங்கள் பெயரில் இருந்தால் அரசு தொடாது என்றும் நினைக்க வேண்டாம். அர்ஜென்டினா 2008இல் தனியார் ஓய்வூதியக் கணக்குகளை அப்படியே அரசுடைமை ஆக்கியது.

ஆனால் தனிச் சேமிப்பின் பெரிய ஓட்டை அரசியலில் இல்லை, நம் ஆயுளில் இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 35 வயதிலிருந்து 65 வரை மாதம் 100 வீதம் சேர்க்கிறீர்கள். விலைவாசி ஏற ஏற அந்த 100ஐயும் ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். பணவீக்கம் போக ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்கிறது. 65 வயதில் இன்றைய மதிப்பில் சுமார் 58,300 இருக்கும். இதை எத்தனை வருடத்துக்குப் பங்கு போடுவது? 85 வரை வாழ்வேன் என்று வைத்தால் மாதம் 323 எடுக்கலாம், மிச்சத் தொகை அதே 3 சதவீதத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். 95 வரை என்றால் மாதம் 246தான். 323 எடுத்துப் பழகிவிட்டு, ஆயுசு கெட்டியாக இருந்தால், கடைசிப் பத்து வருடம் கையில் ஒன்றும் இருக்காது. பயந்துபோய் 246இலேயே நின்று, 78இல் போய்விட்டால், ஆசைப்பட்ட எத்தனையோ வீணாக விட்டதுதான் மிச்சம். எந்த ஆலோசகர் வந்தாலும் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது, ஏனென்றால் உங்கள் ஆயுள் அவருக்கும் தெரியாது.

இதுவே ஒரு லட்சம் பேர் சேர்ந்தால் கதை வேறு. யார் 95ஐத் தொடுவார் என்று அப்போதும் தெரியாது, ஆனால் எத்தனை பேர் தொடுவார்கள் என்று ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவரும் 95க்குச் சேர்க்க வேண்டியதில்லை, சராசரிக்குச் சேர்த்தால் போதும். சீக்கிரம் போனவர்களின் மீதி, நீண்டு வாழ்பவர்களுக்கு. காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ஆயுள்கால ஆன்யுட்டியும் (மொத்தமாக ஒரு தொகை கட்டினால் சாகும்வரை மாதாமாதம் பணம் வரும் திட்டம்) இதைத்தான் செய்கிறது. ஆனால் அதை விரும்பி வாங்குபவர்கள் நீண்ட நாள் இருப்போம் என்ற நம்பிக்கை உள்ளவர்கள், எனவே விலை கூடிவிடுகிறது. விலைவாசியோடு ஏறும் ஆன்யுட்டி கிடைப்பதும் அரிது. எல்லோரையும் கட்டாயமாகச் சேர்த்து, விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி, சாகும்வரை கொடுப்பதை அரசு செய்தால்தான் மலிவாக முடியும். உயிர் வாழத் தேவையான அடிப்படைத் தொகையை அரசு ஏற்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தர்மம் என்பதற்காகச் சொல்லவில்லை. தனியாளால் சுமக்க முடியாத அபாயத்தைத் தனியாள் தலையில் கட்டுவது விலை கூடிய வழி.

அந்த அடிப்படைக்கு மேலே வேண்டியதெல்லாம் உங்கள் செலவு. ஊர் சுற்றுவது, 58லேயே வேலையை விடுவது, பெரிய வீட்டிலேயே தொடர்வது எதற்கும் அடுத்த தலைமுறை வரி கட்ட வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது. பல நாடுகள் சுற்றிச் சுற்றி வந்து நிற்பதும் ஏறக்குறைய இங்கேதான். ஆஸ்திரேலியாவில் வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கு வரியிலிருந்து ஓய்வூதியம் உண்டு. அதற்கு மேல் 1992 முதல் முதலாளி கட்டாயமாகக் கட்டும் சேமிப்பு, அது இப்போது சம்பளத்தில் 12 சதவீதம். பிரிட்டனில் 2012 முதல் தகுதியுள்ள ஊழியர்களைத் தானாகவே சேமிப்புத் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள், வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகலாம். ‘தனிமனிதர் பொறுப்பு’ என்று சொல்லும் திட்டங்களிலேயே அரசின் கை எவ்வளவு இருக்கிறது பாருங்கள். தள்ளிப்போடும் புத்தி எல்லோருக்கும் இருப்பதுதான் காரணம்.

சரி, நீங்கள் இருவரும் செய்ய வேண்டியது. உங்கள் அரசு ஓய்வூதியப் பதிவை எடுத்துப் பாருங்கள். எத்தனை வருடச் சந்தா ஏறியிருக்கிறது, எத்தனை வருடம் விட்டுப்போயிருக்கிறது, இப்படியே போனால் எந்த வயதில் எவ்வளவு என்று அதில் இருக்கும். உங்கள் சம்பளத்தில் பிடித்தம் நடப்பதால் உங்களுடையது அனேகமாகச் சரியாக இருக்கும். எனக்குக் கவலை கணவருடையதுதான். வருமான வரி வேறு, ஓய்வூதியச் சந்தா வேறு. சொந்தத் தொழில் செய்பவர்கள் வரியைக் கட்டிவிட்டு, சந்தாவில் சேராமலே பல வருடம் ஓட்டிவிடுவது சாதாரணமாக நடப்பது. அரசை நம்புகிறவர் அவர், அரசுத் திட்டத்தில் பெயரே இல்லாதவரும் அவராகவே இருக்கலாம்! விட்டுப்போன வருடங்களுக்குப் பின்னால் பணம் கட்டிச் சேர்க்கச் சில நாடுகள் அனுமதிக்கின்றன, அதற்குக் கெடுவும் உண்டு. உங்களுக்கு அந்த வசதி இருந்தால் முதல் பணம் அங்கே போகட்டும்.

அரசு மதிப்பிட்டுக் காட்டும் தொகையில் கால் பங்கைக் கழித்துவிட்டு, ஓய்வு வயதையும் இரண்டு வருடம் தள்ளி வைத்துக் கணக்குப் போடச் சொல்வது என் வழக்கம். ஏன் கால் பங்கு? மேலே சொன்ன அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் அறங்காவலர்கள் 2025 அறிக்கையில், சேர்த்து வைத்த நிதி 2033இல் தீர்ந்துவிடும், அதன் பின் வரும் வருமானத்தால் 77 சதவீதம் கொடுக்க முடியும் என்கிறார்கள். பயமுறுத்துபவர்கள் சொல்வதுபோல் பூஜ்யம் ஆகாது, முழுசாகவும் வராது. அந்தக் கழித்த தொகை உங்கள் வாடகை, மருந்து, மாதாந்திரக் கட்டாயச் செலவுகளுக்குப் போதுமா பாருங்கள். போதாத பாக்கியையும் ஆசைகளுக்கான தொகையையும் கூட்டினால், உங்கள் சேமிப்பு இலக்கு கிடைத்துவிடும்.

சேமிக்கும்போது கட்டணத்தைப் பாருங்கள். மேலே சொன்ன அதே மாதம் 100 கணக்கில், நிர்வாகக் கட்டணம் என்று ஆண்டுக்கு 1 சதவீதம் கூடுதலாகப் போனால், 65 வயதில் 58,300க்குப் பதில் 49,300தான் நிற்கும். பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணை அப்படியே பின்பற்றும் மலிவான ஃபண்ட் போதும். சம்பளம் ஏறும்போதெல்லாம் ஏற்றத்தில் பாதியைச் சேமிப்புக்குத் திருப்பிவிடுங்கள், கைக்கு வராத பணத்துக்குச் செலவு முளைக்காது. கணவரின் வருமானம் ஏறி இறங்குவதால், அவர் பங்கை மாதத் தொகையாக வைக்காமல், வரும் ஒவ்வொரு தொகையிலும் இத்தனை சதவீதம் என்று வைத்துக்கொள்ளட்டும்.

ஓய்வுபெறும் நேரத்துக்கு இன்னும் ஒன்று. ஆன்யுட்டி வாங்கினாலும், நிறுவன ஓய்வூதியம் வந்தாலும், ‘ஒருவர் ஆயுள்’, ‘இருவர் ஆயுள்’ என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒருவர் ஆயுள் என்றால் மாதத் தொகை கூடுதலாக இருக்கும், அவர் போனதும் நின்றுவிடும். ஒருமுறை கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் மாற்ற முடியாது. அந்தப் படிவத்தை யாரும் தனியாக நிரப்ப வேண்டாம், இருவரும் சேர்ந்தே உட்காருங்கள்.