கணினி மாறினாலும் நிரல் மாறவில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பாடநூல் கணினி வரலாற்றை வால்வு, டிரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று என்று தலைமுறைகளாகப் பிரிக்கிறது. மூன்றாம் தலைமுறைக்கு எடுத்துக்காட்டு ‘ஐ.பி.எம். 360’ என்று ஒரே வரியோடு முடித்துவிடுகிறது. பெயர் சொல்லிக் குறிப்பிடும் அளவுக்கு அந்தப் பெருங்கணினியில் என்ன இருந்தது?
(ஒரு கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: அந்த ஒரு வரியிலேயே ஒரு சிறு பிழை இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம். 360 கணினிகளில் இருந்தவை இன்று நாம் சொல்லும் பொருளில் ஒருங்கிணைந்த சுற்றுகள் அல்ல. அரை அங்குலச் சதுரப் பீங்கான் தகடுகளின் மீது தனித்தனி டிரான்சிஸ்டர்களையும் டயோடுகளையும் பொருத்திச் செய்த கலப்புச் சுற்றுகள் அவை. ஆகவே 360இன் சிறப்பை அதன் மின்னணுப் பாகங்களில் தேடினால் கிடைக்காது.

1960ஆம் ஆண்டளவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினிகள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல இருந்தன. அலுவலகக் கணக்குக்கு விற்கப்பட்ட 1401 ஒவ்வோர் எழுத்தாக, பத்தடிமான எண்களில் கணக்கிட்டது. அறிவியல் ஆய்வுக்கான 7090 இரும எண்களில், 36 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நீளச் ‘சொல்’ ஒன்றை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டது. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. வணிகம் வளர்ந்து பெரிய கணினி தேவைப்பட்ட ஒரு நிறுவனம், சம்பளப் பட்டியல் முதல் சரக்கிருப்பு வரை ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த நிரல்கள் அனைத்தையும் மறுபடி எழுதியாக வேண்டும். எப்படியும் எழுதத்தான் போகிறோம் என்றால், அதை ஏன் போட்டி நிறுவனத்தின் கணினிக்கு எழுதக் கூடாது என்று வாடிக்கையாளர் யோசிக்கத் தொடங்கியதுதான் ஐ.பி.எம். நிர்வாகத்தின் கவலை.

1961 டிசம்பரில் நிறுவனத்தின் உட்குழு ஒன்று, இருக்கும் வரிசைகள் எல்லாவற்றையும் கைவிட்டு, சிறியது முதல் பெரியது வரை ஒரே கட்டளைத் தொகுதியைப் புரிந்துகொள்ளும் ஒரு புதிய குடும்பத்தை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் சொந்தச் சரக்கைத் தாமே காலாவதியாக்கும் முடிவு அது. பாப் எவன்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். ஃபிரெட் புரூக்ஸ் திட்டத்தை நடத்தினார். ஜீன் ஆம்டாலும் கெரிட் பிளாவும் அவரோடு சேர்ந்து வடிவமைப்பை வகுத்தார்கள். 1964 ஏப்ரல் 7 அன்று நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் இளையவர் அதை உலகுக்கு அறிவித்தபோது ஆறு மாதிரிகள் இருந்தன. மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் வேகத்தில் ஏறத்தாழ 50 மடங்கு வேறுபாடு. மாத வாடகை 2,700 டாலரில் தொடங்கி 1,15,000 டாலர் வரை சென்றது. வணிகம், அறிவியல் என்று பிரிக்காமல் எல்லாத் திசைகளுக்கும் உரியது என்பதைக் குறிக்கவே வட்டத்தின் 360 பாகைகளைப் பெயராக வைத்தார்கள். இந்தத் திட்டத்துக்கு ஐ.பி.எம். செலவிட்ட தொகை 500 கோடி டாலர் என்று அக்காலத்திலேயே பேசப்பட்டது.

ஐம்பது மடங்கு வேறுபட்ட இயந்திரங்கள் எப்படி ஒரே நிரலை ஓட்டின? இரண்டு 32 பிட் எண்களைக் கூட்டு என்பது நிரலில் ஒரே கட்டளைதான். விலை குறைந்த மாதிரி 30இன் உள்ளே ஒரு நேரத்தில் 8 பிட்டுகள் மட்டுமே செல்லக்கூடிய பாதை இருந்ததால், அது அந்தக் கூட்டலை நான்கு தவணைகளில் செய்து முடித்தது. மாதிரி 50 அதையே ஒரே வீச்சில் செய்தது. கட்டளை ஒவ்வொன்றையும் எந்தெந்தச் சிறு படிகளாக உடைத்துச் செய்வது என்ற குறிப்பு, அழிக்க முடியாத தனி நினைவகம் ஒன்றில் நுண்நிரலாக வைக்கப்பட்டிருந்தது. நுண்நிரல் என்ற கருத்தை 1951இலேயே இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் முன்வைத்துவிட்டார். அதை ஒரு குடும்பத்தின் பெரும்பாலான மாதிரிகளைக் கட்டிவைக்கும் கயிறாக்கியது 360. அன்றைய குழுவினர் நிரலாளரின் கண்ணுக்குத் தெரியும் இந்தப் பொதுத் தோற்றத்துக்கு ‘ஆர்க்கிடெக்சர்’ என்று பெயர் சூட்டினார்கள். உள்ளே கம்பிகள் எப்படி ஓடுகின்றன என்பது அதில் சேராது.

என் கணிப்பில் 360இன் செல்வாக்கு முழுவதும் இந்தப் பிரிவினையில்தான் அடங்கியிருக்கிறது. அதுவரை நிரல் என்பது இயந்திரத்தின் உதிரிப்பாகம் போன்றது. இயந்திரம் போனால் அதுவும் போகும். 360க்குப் பிறகு இயந்திரம் வந்து போகும் பொருளாகவும், நிரல் நிலைத்திருக்கும் சொத்தாகவும் ஆயின. இன்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 8086 சில்லின் கட்டளைகளை அதன் இன்றைய செயலிகளும் புரிந்துகொள்வது இதே ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

இதில் ஒரு முரணும் உண்டு. எதிர்காலத்துக்கு ஒத்திசைவை வாக்களித்த அதே குடும்பம், பழைய 1401 நிரல்களைத் தன் கட்டளைத் தொகுதியில் ஏற்கவில்லை. 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் 1401 நிரல்களை எளிதாக மாற்றிக்கொள்ளக்கூடிய ‘ஹனிவெல் 200’ கணினியை அறிவித்ததும் ஐ.பி.எம். வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் சாயத் தொடங்கினார்கள். அப்போது கைகொடுத்ததும் நுண்நிரலே: மாதிரி 30இல் கூடுதல் நுண்நிரலைச் சேர்த்து, அதை 1401 போல நடிக்கவைத்தார்கள். நடிப்பு மூலத்தைவிட வேகமாகவே இருந்தது.

கேள்வி: ஒரு பைட்டில் ஏன் 8 பிட்டுகள்? 6 ஆகவோ 10 ஆகவோ ஏன் இல்லை?
(ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: இயற்கை விதி எதுவும் இல்லை, 360ஐ வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுதான் காரணம். ஓர் எழுத்தை வைக்கும் அளவுள்ள பிட்டுகளின் தொகுப்பைக் குறிக்கும் ‘பைட்’ என்ற சொல்லை 1956இல் உருவாக்கியவர் அதே நிறுவனத்தின் வெர்னர் புக்ஹோல்ஸ். ‘ஸ்ட்ரெட்ச்’ என்ற அதிவேகக் கணினியை வடிவமைக்கும்போது அவர் அதைப் பயன்படுத்தினார். அந்தக் கணினியில் பைட்டின் நீளம் 1 முதல் 8 பிட் வரை வேண்டியபடி மாறக்கூடியது.

அக்காலக் கணினிகள் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு 6 பிட்டுகளையே ஒதுக்கின. அதில் 64 குறிகளுக்குத்தான் இடம் என்பதால் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள், எண்கள், சில குறியீடுகள் ஆகியவற்றோடு இடம் தீர்ந்துவிடும், சிற்றெழுத்துகளுக்கு வழியில்லை. 360 குழுவுக்குள் ஆம்டால் 6 பிட்டை ஆதரித்தார். நினைவகம் பொன்விலை விற்ற நாளில் எழுத்துக்கு 2 பிட்டுகளை மிச்சப்படுத்துவது அற்பமான வாதமல்ல. புரூக்ஸ் 8 பிட்டுக்கு நின்றார். 0 முதல் 9 வரையுள்ள ஓர் எண்ணுக்கு 4 பிட்டுகள் போதும். 8 பிட் பைட்டில் இரண்டு எண்களை அடக்கிவிடலாம் என்பதால், எண்களே நிறைந்த வணிகக் கணக்கில் 8 பிட் உண்மையில் சிக்கனமானது. 360 எடுத்த தொழில்நுட்ப முடிவுகளில் இதுவே முதன்மையானது என்று புரூக்ஸ் பிற்காலத்தில் மதிப்பிட்டார். எல்லோரும் 360 வழியைப் பின்பற்ற, மாறும் நீளமுடைய பைட் மறக்கப்பட்டது.

அதே கணினி கொண்டுவந்த ‘எப்சிடிக்’ எழுத்துக்குறி முறை இவ்வளவு நற்பேறு பெறவில்லை. தகவலைத் துளைகளாகப் பதியும் துளை அட்டையின் வழக்கத்தைத் தழுவியதால் அதில் ஆங்கில I எழுத்துக்கும் J எழுத்துக்கும் நடுவே இடைவெளி விழும். அகர வரிசை தொடர்ச்சியாக இராது. உலகம் ஆஸ்கி முறையின் பக்கம் போனது. ஆஸ்கிக்கு 7 பிட்டுகளே தேவை, பைட்டிலோ 8 இருந்தன. அந்த எட்டாவது பிட்டால் கிடைத்த 128 கூடுதல் இடங்களில்தான் திஸ்கி, 1999இன் தாப் போன்ற தமிழ்க் குறியீடுகள் நம் எழுத்துகளைக் குடியமர்த்தின. 6 பிட்டோடு உலகம் நின்றிருந்தால் அந்த ஒண்டுக்குடித்தனமும் வாய்த்திராது.

கேள்வி: 1990களின் இறுதியில் சென்னையில் ஒய்2கே (2000ஆம் ஆண்டுத் தேதிப் பிழையைத் திருத்தும்) வேலைக்காகக் கோபால் (COBOL) என்ற நிரல் மொழி கற்று, அமெரிக்க நிறுவனங்களின் மெயின்ஃப்ரேம் நிரல்களைத் திருத்தினேன். அவற்றில் சில இன்னும் ஓடுகின்றன என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தப் பழைய இயந்திரங்களையே வைத்திருக்கிறார்களா?
(முன்னாள் மென்பொருள் ஊழியர் ஒருவர், தாம்பரம்)

பதில்: இல்லை, இயந்திரங்கள் பல முறை மாறிவிட்டன. 1970இல் 370 வரிசை வந்தது. 1973இல் சென்னை ஐ.ஐ.டி. கணினி மையத்தில் நிறுவப்பட்ட 370/155 அந்த வழிவந்ததே. 360இல் நினைவகத்தின் ஓர் இடத்தைச் சுட்டும் முகவரிக்கு 24 பிட்டுகள்தான். அதாவது 1,67,77,216 பைட்டுகளுக்கு மேல் எட்டாது. 32 பிட் சொல்லில் மிஞ்சிய 8 பிட்டுகளை நிரலாளர்கள் தங்கள் சொந்தக் குறிப்புகளுக்குப் பயன்படுத்திப் பழகிவிட்டதால், 1980களில் முகவரியை 31 பிட்டாக விரித்தபோது பழைய 24 பிட் முறையையும் அருகிலேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று. 2000இல் 64 பிட் வந்த பிறகும் அது நீங்கவில்லை. தமிழில் எழுதினால் ஆள் பெயராகிவிடும் அந்த மொழியில் நீங்கள் திருத்திய நிரல், தன் வீடு பலமுறை இடித்துக் கட்டப்பட்டது தெரியாமலே குடியிருந்து வருகிறது.

கேள்வி: வெற்றிக் கதையாகவே சொல்கிறீர்கள். 360 தோற்ற இடமே இல்லையா?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டு இடங்களில் நன்றாகவே தோற்றது, வரலாற்றின் மீது அந்தத் தோல்விகளின் தாக்கமும் சிறிதல்ல.

முதலாவது, மென்பொருள். குடும்பம் முழுவதற்கும் ஒரே இயங்குதளம் என்று அறிவித்த ஓ.எஸ். 360 குறித்த காலத்தில் வரவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தும் பிழைகளோடுதான் வந்தது. சிறிய மாதிரிகளின் நினைவகத்தில் அது அடங்காததால் அவற்றுக்கென டாஸ் 360 என்று ஒன்றை அவசரமாகச் செய்து கொடுத்தார்கள். தாமதமான மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று புரூக்ஸ் பின்னாளில் எழுதியது இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. இயந்திரத்தைக் கட்டுவதைவிட மென்பொருளைக் கட்டுவது கடினம் என்பதை இவ்வளவு செலவில் அதற்கு முன் யாரும் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

இரண்டாவது, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் தட்டச்சு முனையங்களிலிருந்து பயன்படுத்தும் நேரப்பகிர்வு. அதற்குத் தேவையான, நிரல் சொல்லும் முகவரியை நினைவகத்தின் உண்மையான இடத்துக்கு உடனுக்குடன் மாற்றித்தரும் வசதி 1964இல் அறிவிக்கப்பட்ட எந்த மாதிரியிலும் இல்லை. நிரலைத் துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் விடை வாங்கும் வழக்கத்தையே வடிவமைப்பாளர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். இந்தக் குறையைக் கண்ட அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் பெல் ஆய்வகமும் ஐ.பி.எம்.மை விட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் கணினியைத் தேர்ந்தெடுத்து, மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கின. 1969இல் பெல் ஆய்வகம் அதிலிருந்து விலகியபோது, அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் மல்டிக்ஸின் பெருஞ்சுமையைக் கழித்து எழுதியதே யூனிக்ஸ் இயங்குதளம்.

ஐ.பி.எம். பின்னர் முகவரி மாற்றும் வசதியோடு மாதிரி 67ஐக் கொண்டுவந்தது. அதற்கென அதிகாரபூர்வமாக எழுதிய பெரிய நேரப்பகிர்வு மென்பொருள் தடுமாறிக்கொண்டிருந்த வேளையில், மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் இருந்த அதே நிறுவனத்தின் ஒரு சிறு குழு, பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு 360 கணினியே தமக்குத் தனியாகக் கிடைத்ததுபோலத் தோன்றச் செய்யும் நிரல் ஒன்றை எழுதிக்காட்டியது. மெய்நிகர் இயந்திரம் என்று இன்று மேகக் கணிமை நிறுவனங்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது இந்தக் கருத்தைத்தான். அந்தக் குழுவின் வேலை 1972இல் வி.எம். 370 என்ற பெயரில் வெளியிடப்பட்டது. அதன் வழித்தோன்றல் ஐ.பி.எம். பெருங்கணினிகளில் இன்றும் ஓடுகிறது.