கோடை மழை பெய்த மறுநாள் குளத்து மீன்கள் சாவது ஏன்?

பல நாள் வெயிலுக்குப் பிறகு நல்ல மழை பெய்தது, விடிந்து பார்த்தால் மீன்கள் செத்து மிதக்கின்றன, மழைத்தண்ணீர் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் குளத்தில் கெண்டை வளர்ப்பவன். மழைத்தண்ணீர் மீது பெரும்பாலும் குற்றமில்லை. ஏற்கெனவே அடியில் கெட்டுக் கிடந்த தண்ணீரை அது மேலே கிளப்பிவிட்டிருக்கும்.

காற்றில்லாத வெயில் நாட்களில் குளத்தின் மேல்தண்ணீர் சூடாகி மேலேயே நின்றுவிடும். குளிர்ந்த அடித்தண்ணீர் கனமானது, அதனோடு கலக்காது. மீந்த தீவனமும் கழிவும் அடிச்சேற்றில் அழுக அழுக, அங்கே ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு சேரும். திடீரென்று குளிர்ந்த மழையும் காற்றும் வந்தால் மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்க, அடித்தண்ணீர் மேலே வந்துவிடும். அன்று கரையில் நின்றாலே அழுகிய முட்டை வாடை அடிக்கும்.

வெயிலே தனிச் சுமைதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவும் அப்படித்தான், சூடு ஏற ஏற அதன் நச்சு கூடும். பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 8, வெப்பம் 30 டிகிரி என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு நச்சு வடிவில் இருக்கும். பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் பிஎச் 9 ஆகிவிட்டால் கிட்டத்தட்ட பாதி நச்சு.

என்னைக் கேட்டால் வெயிலைவிட மூட்டமான நாட்களுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பகலில் ஆக்சிஜன் தருகிற அதே பாசி இரவில் அதை இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் வெயிலே இல்லையென்றால் வரவு குறைந்து செலவு மட்டும் நடக்கும். விடியலுக்குச் சற்று முன் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். கை தட்டினால் சட்டென்று உள்ளே போனால் இன்னும் நேரம் இருக்கிறது. தட்டியும் அசையாமல் நின்றால் உடனே ஏரேட்டரை, அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவியை, போடுங்கள்; இல்லையென்றால் மோட்டாரால் குளத்துத் தண்ணீரையே எடுத்து மேலிருந்து பீய்ச்சி அடியுங்கள். செத்ததில் பெரிய மீன்களே அதிகம் என்றால் ஆக்சிஜன் குறைவு என்று சந்தேகப்படலாம்.

மூட்டமான நாளில் தீவனத்தைப் பாதியாக்குங்கள், மீன் மேலே வந்த நாளில் போடவே வேண்டாம். கோடை தொடங்கியதிலிருந்தே பகலில் கொஞ்ச நேரம் ஏரேட்டர் ஓட்டி வந்தால் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரியாது. பல நாள் ஓட்டாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள், மழை செய்ததையே அதுவும் செய்யும்.

அப்புறம், மழைக்குப் பிறகு பிஎச்சோடு காரத்தன்மையையும் (ஆல்கலினிட்டி, அதாவது பிஎச் ஆடாமல் தாங்கும் திறன்) அளந்து பாருங்கள். லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பிஎச் காலைக்கும் மாலைக்கும் தாறுமாறாக ஆடும். அதற்கு விவசாயச் சுண்ணாம்பு, அதாவது அரைத்த சுண்ணாம்புக்கல் பொடி, போதும். மீன் இருக்கும் குளத்தில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினால் பிஎச் எகிறி, இருக்கிற அமோனியாவில் பெரும்பங்கு நச்சாகிவிடும்.