அண்ணாவின் காசு, என் பெயரில் உறுதி: மகளுக்குச் சீதனமாக எழுதலாமா?

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருபது பேர்ச் காணியும் வீடும் 2014ஆம் ஆண்டு முதல் என் பெயரில் இருக்கின்றன. காசு அனுப்பியது சுவிஸில் இருக்கும் என் அண்ணா. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர். "வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர் பேரில எழுத ஏலாதாம், உன்ர பேரில எழுது" என்று அவரே சொன்னார். அம்மாவைக் கடைசி வரை பார்த்தது நான். மதிலும் கிணறும் என் கணவரின் ஈ.பி.எப். காசில் கட்டியவை. இப்போது அண்ணி பேச்சைக் கேட்டு, வீட்டைக் கெஸ்ட் ஹவுஸ் ஆக்கப்போவதாக அண்ணா சண்டை பிடிக்கிறார். "உங்கட வீட்ட நான் ஒண்டும் விழுங்கமாட்டன், நீங்க வாங்க, மறுகா பேசுவம்" என்று வொய்ஸ் அனுப்பினேன். சட்டத்தரணி ஒருவர் மூலம் கடிதம் வந்திருக்கிறது. மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. அதற்குள் வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிவிடலாமா? பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன், உறுதியும் என் பெயரில்தானே?

– வாசகி, கல்லடி

பதில்: எழுத வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அம்மாவை யார் பார்த்தார், அண்ணி என்ன சொன்னார் என்பதெல்லாம் உங்கள் குடும்பத்தில் பெரிய விஷயம். மாவட்ட நீதிமன்றத்தில் அதைச் சொல்லத் தொடங்கினால் நீதிபதி மணிக்கூட்டைப் பார்ப்பார். அங்கே கேட்கப்படுவது ஒன்றுதான்: காசு கொடுத்தபோது அண்ணா அதை உங்களுக்கே தர நினைத்தாரா, அல்லது தனக்காக உங்கள் பெயரில் வைக்க நினைத்தாரா?

1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் 84ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒருவர் காசு கொடுக்க, ஆதனம் இன்னொருவர் பெயரில் எழுதப்படுகிறது. கொடுத்தவர் அதை அன்பளிப்பாக நினைக்கவில்லை என்று தெரிந்தால், பெயர் வைத்திருப்பவர் கொடுத்தவருக்காகத்தான் அதை வைத்திருக்கிறார். உறுதியில் உங்கள் பெயர் இருப்பது அந்த வழக்கின் தொடக்கம்தான். "எழுத்தில் ஒன்றும் இல்லையே" என்பதும் உதவாது. இப்படியான நம்பிக்கைப் பொறுப்பை வாய்மொழிச் சாட்சியத்தாலும் நிரூபிக்கலாம். பத்து வருடம் ஆட்சி செய்தால் காணி சொந்தமாகும் என்ற வாதமும் அப்படித்தான், அண்ணாவின் சம்மதத்தோடு இருந்த இருப்பு அவருக்கு எதிரான ஆட்சி ஆகாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை மட்டக்களப்பாருக்கு இல்லை. இந்தப் பக்கத்துப் பழைய முக்குவர் சட்டமும் வழக்கொழிந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. மகளுக்கு வீடு கொடுப்பது நம் ஊர் முறைதான், ஆனால் முறை உறுதியை மாற்றாது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் உங்களுக்குச் சாதகம் என்று நினைத்து எழுதிய இரண்டு வரிகளுக்கு வருவோம்.

முதலாவது, "வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர் பேரில எழுத ஏலாதாம், உன்ர பேரில எழுது". 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றினால் செல்லாது. 2013 சனவரி முதலாந் திகதியில் இருந்தே அது பொருந்தும். ஆகவே அண்ணா வழக்குப் போட்டால் இதை வைத்து மடக்கலாம் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். மடக்கப் பார்க்கலாம். ஆனால் அந்த வாதத்தை எழுப்பிய அந்த நிமிடமே, "அண்ணா எனக்கு அன்பாகத் தந்தது" என்ற வாதம் செத்துவிடும். தன் பெயரில் எழுத முடியாததால்தான் உங்கள் பெயரில் எழுதினார் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா? அதற்குமேல், இரட்டைக் குடியுரிமை உள்ளவரை அந்தச் சட்டம் வெளிநாட்டவராகக் கணக்கெடுப்பதில்லை. அண்ணா நாளைக்கே அதற்கு விண்ணப்பித்தால் உங்கள் பிடி தளரும்.

இரண்டாவது, அந்த வொய்ஸ். "உங்கட வீட்ட" என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். கோபத்தில் சொன்னது, மரியாதைக்குச் சொன்னது என்று குறுக்கு விசாரணையில் விளக்கலாம்தான். ஆனால் சாட்சிக் கூண்டில் நின்று ஒவ்வொரு சொல்லாக விளக்குவது எப்படியிருக்கும் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். இன்றிலிருந்து வட்ஸப்பில் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் போடாதீர்கள். பழையவற்றை அழிக்கவும் வேண்டாம், அழித்தது இன்னும் மோசமாகத் தெரியும். வந்த கடிதத்துக்குப் பதிலை உங்கள் சட்டத்தரணி எழுதட்டும்.

சரி, சீதன உறுதி. கட்சிக்காரர்கள் அதிகம் விழுவது இங்கேதான். சொத்தைப் பிள்ளைக்கு எழுதிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். விலை கொடுத்து, ஒன்றும் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவரைச் சட்டம் காப்பாற்றும். உங்கள் மகள் விலை கொடுக்கவில்லை, மாமாவின் காசு என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே நம்பிக்கைப் பொறுப்பு உறுதியோடு சேர்ந்து அவளிடம் போகும். அண்ணா வழக்கு வைத்து அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தால் அந்தக் காணியை எந்த வங்கியும் ஈட்டுக்கு எடுக்காது. இடைக்காலத் தடையுத்தரவும் வரலாம். உங்கள் மகள் எதிராளி ஆவாள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அழைப்பாணை வந்தது கலியாணம் முடிந்து சில மாதத்தில். "வில்லங்கம் இல்லாத வீடு என்றுதானே சொன்னீர்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். காணி வழக்கு ஒரு பக்கம் இருக்க, அந்தப் பிள்ளையின் வாழ்க்கையே விசாரணைக்கு வந்துவிட்டது. கடிதம் கிடைத்த பிறகு அவசரமாக எழுதிய நன்கொடை உறுதியில் இன்னொரு தீமையும் உண்டு. அதன் திகதியே உங்கள் நோக்கத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும். மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டுக் காசை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். குற்றவியல் நம்பிக்கை மோசடி என்று பொலிசில் முறைப்பாடு போட அண்ணாவுக்கு வழி திறந்துவிடுவீர்கள்.

உங்களிடம் பலமே இல்லை என்று சொல்லவில்லை. உறுதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் அத்தாட்சியைப் படியுங்கள். காசு அவர் முன்னிலையில் கைமாறியதா, காசோலையா, யாருடைய கணக்கில் இருந்து என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். மதிலுக்கும் கிணற்றுக்கும் போட்ட ஈ.பி.எப். காசுக்கு வங்கிப் புத்தகம், மேசனின் ரசீது, ஹார்ட்வெயார் பில், எது இருந்தாலும் தேடி எடுங்கள். அந்த அளவுக்கு நீங்களும் காசு போட்டவர்.

அண்ணாவுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை கிடைக்கும் வரை வழக்கில் வென்றாலும் காணியை அவர் பெயருக்கு எழுத முடியாது. பிள்ளைகளும் சுவிஸ் குடிகள் என்றால் அவர்களுக்கும் அதே கதைதான். உங்கள் பேரம் இதில்தான் இருக்கிறது. அதோடு, கெஸ்ட் ஹவுஸ் கனவு அவ்வளவு லேசில்லை. உயர் நீர்மட்டத்தில் இருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், மாநகர சபை அனுமதி வேறு. அவருடைய சட்டத்தரணிக்கு இது தெரியும்.

ஆகவே இணக்கத்துக்குப் போங்கள். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு கல்லடிப் பக்கம் காணி என்ன விலை போகிறது என்று உங்கள் இருவருக்கும் தெரியும். வீடு நிற்கும் பாகம் உங்களுக்கு, வெறுங்காணியை விற்று அந்தக் காசு அண்ணாவுக்கு என்று பேசிப் பாருங்கள். அது சரிவராவிட்டால் முழுவதையும் விற்றுப் பங்கு பேசுங்கள். இருபது பேர்ச்சை இரண்டாகப் பிரிக்கலாம், நில அளவைப் படமும் மாநகர சபையின் அங்கீகாரமும் எடுத்து.

இணக்கம் வந்தால் அதைக் கோயில் தலைவர் முன்னால் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்து முடித்துவிடாதீர்கள். அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டுப் பாகத்தில் தனக்கு எந்த உரித்தும் கோரிக்கையும் இல்லை என்று அண்ணா நொத்தாரிசு முன் உறுதியில் கையெழுத்திட வேண்டும். வர முடியாவிட்டால் தூதரகத்தில் உறுதிப்படுத்தி இங்கே பதிவு செய்த அற்றோணித் தத்துவத்தின் (தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) மூலம் செய்யலாம். அந்த உறுதி காணிப் பதிவகத்தில் ஏறிய பிறகு மகளுக்கு எழுதுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: வீடு உண்டு, உறுதி கொஞ்சம் பிந்தும்.