ஒரு முட்டை குறைந்த முகவரி

அன்புள்ள டீச்சர்,

நாங்கள் மட்டக்களப்பில் ஆங்கில ஆசிரியப் பயிற்சி பெறும் ஆறு பேர். இந்த ஆண்டு ஒரு கூட்டாய்வு செய்ய வேண்டும். 'எழுத்தறிவும் ஆங்கிலம் கற்பித்தலின் எண்ணக்கருக்களும்' என்பது தலைப்பு. ஆளுக்கொரு எண்ணக்கரு என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு வந்தது வைகொட்ஸ்கி சொன்ன சாரக்கட்டு. எல்லோரும் எழுதி முடித்ததும் ஒன்றாகச் சேர்க்கவேண்டியதுதான். உங்களிடம் மூன்று கேள்விகள். 'எழுத்தறிவு' என்ற சொல் போதுமா, 'எழுத்தறிவாற்றல்' என்று எழுதவேண்டுமா? ஆங்கில ஆய்வுக்குப் பெற்றோரைத் தமிழில் நேர்காணலாமா? எங்களில் ஒருவர் வாகரைப் பக்கமிருந்து வருகிறவர், கூட்டங்களுக்கு வருவதே இல்லை. அவர் பெயரை நீக்கிவிடலாமா?

— ஒரு மாணவி, மட்டக்களப்பு

மகள்,

கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. போன மாதம் அம்மாவின் றங்குப்பெட்டியைத் துப்புரவாக்கியபோது ஒரு துண்டுக் கடுதாசி கிடைத்தது. அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது. இரண்டையும் பிரித்து நினைக்க என்னால் முடியவில்லை.

முதலிரண்டு கேள்விகளுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'எழுத்தறிவு' என்றே எழுதுங்கள். 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, ஊரில் புழங்கும் நல்ல சொல்லுக்கு ஏன் வால் ஒட்டவேண்டும்? தமிழில் நேர்காணலாமா என்று கேட்கவே வேண்டாம். அந்தப் பெற்றோரை வேறெந்த மொழியில் கேட்கப்போகிறீர்கள்?

என்னை 'டீச்சர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் 'ரீச்சர்' என்றுதான் எழுதினோம். ரிக்கற், ரி.வி., பற்றரி எல்லாம் அப்படித்தான். 'காற்று', 'காட்டு' இரண்டையும் வாசித்துப் பாருங்கள், நாக்கு வெவ்வேறு இடத்தில் படும். ஆங்கிலத்தின் 'ரீ' (T) என்ற எழுத்தின் ஒலி முதலாவது இடத்துக்குக் கிட்ட இருக்கிறது என்று நம் ஆட்கள் காதால் கண்டுபிடித்து எழுதிய எழுத்து இது. இந்தக் காதோடுதான் நம் பிள்ளை ஆங்கில வகுப்புக்கு வந்து உட்காருகிறது. உங்கள் குழுவில் ஒலியன் விழிப்புணர்வு, அதாவது சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துக் கேட்கும் திறன், யாருக்கு வந்திருக்கிறதோ அவரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் எழுதிய பக்கங்களில் இது இருக்காது என்று நினைக்கிறேன்.

இனி எனக்குக் கோபம் வந்த இடம். 'வைகொட்ஸ்கி சொன்ன சாரக்கட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி 1934இல் இறந்துவிட்டார். அவர் பேசியது அண்மை விருத்தி வலயத்தைப் பற்றி. பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும் ஒருவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவே உள்ள இடம் அது. சாரக்கட்டு என்ற சொல்லை, தேவையான அளவு கொடுத்துப் பிறகு எடுத்துவிடும் துணை என்ற பொருளில் வழங்கியவர்கள் வூட், புரூனர், ரோஸ் என்ற ஆய்வாளர் மூவர். ஆண்டு 1976. இரண்டையும் பொருத்திப் பேசியது பின்னால் வந்தவர்களின் வேலை. ஒப்படைக்கு மேல் ஒப்படையாக இந்தப் பிழையைப் பார்த்துவிட்டேன். ஒருவர் பார்த்து எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதி, அது உங்கள் கைக்கும் வந்திருக்கிறது. பெயரைத் திருத்திவிட்டால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த மூவரும் என்ன செய்தார்கள் என்று ஒருதரம் வாசித்திருந்தால் உங்கள் ஆய்வே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அவர்கள் மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேரை எடுத்தார்கள். ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துக் கூம்பக வடிவில் அடுக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு பயிற்றுநர் இருந்தார். பிள்ளை தானாகச் செய்யக்கூடியதைத் தானே செய்யட்டும் என்று விட்டு, முடியாத இடத்தில் மட்டும் அவர் கைகொடுக்கவேண்டும். மூன்று வயதுப் பிள்ளை கட்டையை வைத்துத் தன்பாட்டில் விளையாடப் போய்விடும். அதை வேலைக்கு இழுத்து வருவதே அவருக்குப் பெரிய வேலையாயிற்று. நான்கு வயதுக்குப் பிழையைச் சுட்டிக்காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை செய்ததைப் பார்த்து 'சரி' என்று சொல்ல மட்டும் ஆள் தேவைப்பட்டது. மேசன் சாரம் கட்டுவதும் அவிழ்ப்பதற்குத்தானே. பூச்சு முடிந்த பிறகும் சாரம் சுவரோடு நின்றால் அந்த வீட்டுக்கு யார் குடிபோவார்கள்? எப்போது கட்டுவது, எந்தக் கம்பை எப்போது கழற்றுவது என்ற கணக்கு இருக்கிறதே, அதை இரண்டு பக்க வரைவிலக்கணத்தில் எழுத முடியாது. ஒரு பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று பேர் ஆளுக்கு ஏழு கட்டை என்று பிரித்துக்கொள்ளவில்லை, மகள். மூவரும் ஒன்றையே பார்த்தார்கள். நீங்கள் ஆறு பேரும் ஆறு மூலையில் இருந்து எழுதியதை ஸ்ரேப்ளர் அடித்துச் சேர்க்கப்போகிறீர்கள். அதற்குக் கூட்டாய்வு என்று பெயர் வைக்காதீர்கள்.

றங்குப்பெட்டியில் கிடைத்த துண்டைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர் படுவான்கரையில். அப்போதெல்லாம் ஆற்றைக் கடக்க, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான், மண்முனைப் பாலம் வந்தது 2014இல். அடுத்த வளவு மாமியின் மகள் குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போயிருந்தாள். மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் எங்கள் விறாந்தைக்கு நீல ஏரோகிராமோடு வருவா. மாமி சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அம்மம்மா இடையில் மறிப்பா. "முதல்ல சுகத்தக் கேளு, அழுகுறத பிறகு வைச்சுக்க." வேளாண்மை விளைச்சல், மாடு கன்று போட்டது, தம்பியின் இருமல் எல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் சேர்த்த செய்தி. தாளில் இடம் முடிந்ததும் ஓரத்தில் சரித்து எழுதுவேன். கடைசியில் முகவரி. மகள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய ஒரு துண்டு. கீழே சபாத், குவைத். மேலே தபால்பெட்டி இலக்கம். தொலைந்துபோகாமல் இருக்க அது எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது. அதைப் பார்த்து எழுதுவதும் என் வேலை. வகுப்பில் ஆங்கிலத்துக்கு நல்ல புள்ளி எடுக்கிறவள் என்று எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் எழுதி ஒட்டப்போகும்போது மாமி என் கையைப் பிடித்தா. துண்டையும் ஏரோகிராமையும் குப்பி விளக்குக்குக் கிட்டப் பிடித்து, ஆட்காட்டி விரலை ஒவ்வோர் எழுத்தின் மேலும் வைத்து, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று நகர்த்திக்கொண்டே வந்தா. இலக்கத்தில் வந்து நின்றா.

"இஞ்ச பாரு புள்ள, இதில ஒரு முட்ட குறையுது."

இரண்டு சைபர் இருக்கவேண்டிய இடத்தில் நான் ஒன்றுதான் போட்டிருந்தேன்.

சனத்தொகைக் கணக்கில் மாமி எழுத்தறிவு இல்லாதவர். நான் பயிற்சிக் கலாசாலையில் படித்தபோது என் ஒப்படையிலும் அவவை அப்படித்தான் எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. அந்தக் கடுதாசியைக் குவைத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது யாருடைய எழுத்தறிவு என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு, ஷேர்லி பிரைஸ் ஹீத் என்ற மானிடவியலாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வை வாசித்தேன். அமெரிக்காவின் கரோலைனாப் பகுதியில் ஓர் ஊர். அங்கே கடிதம் வந்தால் வீட்டு முன்றிலில் இருந்து ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் ஆளுக்கொன்று சொல்லி அதன் பொருளை எல்லோருமாகத் தேடுவார்களாம். வாசித்துவிட்டு நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை. எங்கள் விறாந்தை அங்கே இருந்தது. மாமி இறந்து அப்போது நான்கு வருடம்.

இந்த ஆண்டு உங்களுக்கு நேரமிருக்கிறது. ஆறு பேரும் ஒரே வகுப்புக்குப் போங்கள். தரம் 3 நல்லது. ஒரே ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள். வீட்டுக்குப் போனால் அந்தப் பிள்ளையின் கொப்பியை யார் பார்க்கிறார்கள், கைப்பேசியில் வரும் ஆங்கிலச் செய்தியை அங்கே யார் வாசித்துச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்ததை அன்றன்றைக்கு ஒரே கொப்பியில் எழுதுங்கள், ஆறு கையெழுத்திலும் இருக்கட்டும். ஒருவர் கண்டதை மற்றவர் மறுத்தால் மறுத்ததையும் எழுதுங்கள். எண்ணக்கருக்கள் அதற்குள்ளிருந்து வரும். வராதவற்றை விட்டுவிடலாம்.

வாகரைத் தம்பியின் பெயரை நீக்கவேண்டாம். அவர் ஏன் வருவதில்லை என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஐந்து பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? வீட்டில் வலை இழுக்க, வயலில் நிற்க வேறு ஆள் இருக்கிறதா? கேட்டுவிட்டு, அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தரம் 3 வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்றும் கேளுங்கள். அந்த வகுப்புக்கு நீங்கள் ஐந்து பேரும் காலை பஸ்ஸில் போனால் கூட்டத்துக்கு வராதவர் யார் என்ற பேச்சே இருக்காது.

போகிற நாளை எழுதுங்கள். உடம்பு இடம்கொடுத்தால் நானும் வருகிறேன்.