பதினோரு கடற்கரைக் காதல்கள்

அன்புள்ள அக்கா,

திருச்சியில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். இந்த மே விடுமுறையில் கின்டிலில் பதினோரு ஆங்கிலக் காதல் நாவல்களை வாசித்து முடித்தேன். பதினொன்றும் கடற்கரையில் நடப்பவை, ஏறக்குறைய ஒரே கதை. நகரத்தில் வேலையோ கல்யாணமோ முறிந்த ஒரு பெண், பாட்டி விட்டுப்போன கடலோர வீட்டுக்கு வருவாள். கேக் கடை திறப்பாள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத ஒருவன் அந்த ஊரில் இருப்பான். அவனிடம் ஒரு நாய் இருக்கும். மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். வாங்கி வைத்த நல்ல நாவல்கள் அலமாரியில் பிரிக்காமல் கிடக்கின்றன. கணவர் கிண்டல் செய்கிறார். இந்தக் குப்பையைப் படித்துப் படித்து என் ரசனை கெட்டுவிடுமா? தீவிர இலக்கியத்துக்குத் திரும்ப ஒரு பட்டியல் தருவீர்களா? இன்னொன்று, தமிழில் ஏன் இப்படிக் கடற்கரைக் கோடைக் காதல் நாவல்கள் இல்லை?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியல் தர மாட்டேன். அலமாரியில் கிடப்பவை போதும், அவை எங்கும் ஓடிவிடாது. கணவரின் கிண்டலையும் விடுங்கள். இரவு பதினொரு மணிக்கு அவர் ஃபோனில் என்ன பார்க்கிறார் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும்.

எனக்குக் கோபம் வந்தது 'குப்பை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துத்தான். யாராவது கட்டாயப்படுத்தினார்களா? பதினொன்றையும் காசு கொடுத்து வாங்கி, அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் வாசித்துவிட்டு, எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்ததும் குப்பை என்கிறீர்கள். வயிறாரச் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு, கை கழுவப் போகிற வழியில் சமைத்தவளைத் திட்டுவது என்ன வழக்கம்? நான் ஒன்றும் அவற்றை இலக்கியம் என்று சொல்லப்போவதில்லை. கேக்கும் நாயும் இலக்கியம் இல்லை. ஆனால் பிடித்திருந்தது என்றால் பிடித்திருந்தது என்று சொல்லுங்கள். கணக்கு வாத்தியார்தானே, விடையை மாற்றி எழுதலாமா?

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன வாரம்தான் பரணைக் காலி செய்தபோது ஒரு பழைய மாத நாவல் கையில் அகப்பட்டது. அட்டை போய்விட்டது. முதல் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு குட்டி வட்டம். என் பெரியம்மா போட்டது.

கரூரில் பெரியம்மா வீடு. கோடை விடுமுறை முழுக்க நாங்கள் அங்கேதான். கூடத்து அலமாரியில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்த தடித்தடிப் புத்தகங்கள் இருக்கும். நடுநடுவே துணுக்குகள், பல்பொடி விளம்பரம், சில சமயம் ஒரு வாரம் விட்டுப்போன அத்தியாயம். அந்த ஓட்டையை நாங்களே கதை சொல்லி நிரப்பிக்கொள்வோம். ஆனால் அதெல்லாம் ஊருக்குத் தெரிந்த வாசிப்பு. பெரியம்மாவின் சொந்த வாசிப்பு, சைக்கிளில் வருகிற லைப்ரரிக்காரர் துணிப்பையில் கொண்டுவரும் மாத நாவல்கள். வாரம் மூன்று. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, பின்கட்டில் ஈரத் தரையில் படுத்துக்கொண்டு படிப்பார். வாசலில் பெரியப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகம் அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விடும்.

லைப்ரரிப் புத்தகத்தில், படித்தாயிற்று என்று அடையாளம் வைக்க, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. யாரோ ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள், யாரோ மூலையில் மஞ்சள் விரலை ஒற்றியிருப்பார்கள். பெரியம்மாவுடையது வட்டம். நான் அப்போது கல்லூரியில் இலக்கியம் படிக்கிற பெரிய மனுஷி. "படிச்சதா இல்லையான்னே ஞாபகம் இல்லாத புத்தகத்தை எதுக்குப் பெரியம்மா படிக்கிறீங்க?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "படிச்சது எனக்குத் தெரியாதா? சிலதுல ரெண்டு வட்டம் இருக்கும் பாரு. அது மறுபடி எடுக்க வேண்டியது" என்றார்.

பிறகு கவனித்தேன். நூற்றுக்கு ஐந்தாறு தேறாது, அந்த ரெண்டு வட்டம். லைப்ரரிக்காரரும் அதைப் பார்த்து வைத்திருந்தார். அட்டை கிழிந்துபோனால் ரெண்டு வட்டப் புத்தகங்களைத்தான் செலவழித்து மறுபடி பைண்டு பண்ணுவார். மற்றவை பழைய பேப்பர் கடைக்கு. எங்கள் தெருவில் அதைவிடக் கறாரான விமர்சகர் யாரும் இருக்கவில்லை.

ஒரு தடவை மட்டும் சண்டை போட்டேன். அந்தக் கதையில் கதாநாயகன் சந்தேகப்பட்டு அவளை அறைந்துவிடுவான். அந்தக் காலத்து மாத நாவல்களில் இது சாதாரணம், அதற்கு நான் இன்றும் வக்காலத்து வாங்க மாட்டேன். அதற்குப் போய் ரெண்டு வட்டம் போட்டிருந்தார். ஏன் என்று பிடித்துக்கொண்டேன். "கடைசியில மன்னிப்புக் கேக்கறானேடி" என்றார் பெரியம்மா, குரலைத் தாழ்த்தி. பெரியப்பா திண்ணையில் இருந்தார்.

சரி, கடலுக்கு வருகிறேன். பெரியம்மாவின் கதாநாயகர்கள் ஒருவனுக்கும் கடற்கரையில் வீடு கிடையாது. எல்லாருக்கும் எஸ்டேட். கொடைக்கானல், ஊட்டி, மிஞ்சினால் ஏற்காடு. பங்களா வாசலில் பனி, கணப்படுப்பு, அவன் தோளிலிருந்து எடுத்துப் போர்த்துகிற சால்வை. நாற்பது டிகிரியில் வேர்த்து ஊற்றுகிறவளுக்குச் சால்வைதான் கனவு. கோடை வந்தால் நாம் மலைக்குத்தான் ஓடுவோம், கடலுக்கு அல்ல.

உங்கள் ஆங்கில நாவல்கள் பிறந்தது குளிர் நாட்டில். அங்கேயும் கடற்கரை முதலில் காதலுக்காக ஏற்பட்டதல்ல, வைத்தியத்துக்காக. 1750-களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர், கடலில் குளித்தால் வியாதி தீரும், கடல்நீரைக் குடித்தாலும் தீரும் என்று எழுதினார். பிரைட்டன் என்ற மீனவ ஊர் அப்படித்தான் பணக்காரர்களின் ஊராக மாறியது. வந்தவர்களுக்குக் குளித்து முடித்ததும் பொழுது போக வேண்டுமே? வாடகை நூலகங்கள் வந்தன. 1841-ல் லண்டனிலிருந்து ரயில் வந்ததும் கூட்டம் பின்னாலேயே வந்தது. ஜேன் ஆஸ்டின் 1817-ல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன், இப்படி ஒரு கடற்கரை ஊரைப் பற்றி நாவல் தொடங்கினார், முடிக்கவில்லை. அதில் நூலகம் நடத்துகிற ஒரு பெண் வருவாள். ஊருக்குக் கூட்டம் சேரவில்லை. அவள் உள்ளறையில் உட்கார்ந்து, வாடகைக்கு வைத்திருக்கும் நாவலில் ஒன்றை எடுத்துத் தானே படித்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்த ஒரு காட்சி போதும். அந்தக் கடற்கரைக்காரர்களே இங்கே ஆள வந்ததும் என்ன செய்தார்கள்? மெரினாவை விட்டுவிட்டு, கோடைக்கு அரசாங்கத்தையே கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறினார்கள்.

நமக்குக் கடல் வேறு. பெரியம்மா கடலை முதன்முதலில் பார்த்தது ராமேஸ்வரத்தில், மாமனாருக்குத் திதி கொடுக்கப் போனபோது. அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, ஈரப் புடவையோடு, "இவ்வளவு பெருசா?" என்று மட்டும் கேட்டாராம். திருச்செந்தூர் போனாலும் முதலில் கடலில் முழுக்கு, பிறகு சாமி. சென்னைக்காரர்களுக்குக் கொஞ்சம் சுண்டல் கூடுதல்.

இதற்காகக் கடற்கரைக் காதல் நம்மிடம் இல்லை என்று எழுதிவிடுவீர்களா? நற்றிணை 172-ஐப் பாருங்கள். சிறுமிகள் விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உங்களைவிட நல்லவள், உங்களுக்குத் தங்கை என்கிறாள் அம்மா. மரமான பிறகு தலைவன் அதன் நிழலில் வந்து நிற்கிறான். இந்தத் தங்கைக்கு முன்னால் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்கிறாள் தோழி. உங்கள் பதினொன்றில் எந்தக் கதாநாயகியாவது மரத்துக்காக வெட்கப்பட்டாளா?

இன்றைக்கு எழுதுவதென்றால், நாகப்பட்டினத்தில் தனியாக வந்து கேக் கடை திறக்கிற பெண் தேற மாட்டாள். வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "கூட யாரும்மா இருக்கா?" ஆனால் நம் கடற்கரைக்கும் ஒரு கோடை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கரையேறி நிற்கும், பெயிண்ட் வாசனை அடிக்கும். கடலுக்குப் போகிற ஆண்கள் வலை பின்னிக்கொண்டு ரெண்டு மாதம் வீட்டிலேயே இருப்பார்கள். கையில் காசு இருக்காது, நேரம் இருக்கும். ஒரு காதல் கதை தொடங்க இதைவிட என்ன வேண்டும்? முடிவும் தேதியோடு தயார். ஜூன் 14 நள்ளிரவு கழிந்ததும் அவன் கடலுக்குப் போயாக வேண்டும். சால்வை வேண்டாம், நாய் வேண்டுமானால் இருக்கட்டும். நீங்கள் எழுதுங்கள். விடுமுறையில் பதினொன்று படிக்க நேரம் இருந்தவருக்கு ஒன்று எழுத நேரம் இருக்காதா?

ஏதோ ரசனை கெடுமா என்று கேட்டிருந்தீர்கள், அல்லவா? அந்தப் பதினொன்றில் எதற்கு ரெண்டு வட்டம்? ஒன்றுக்கும் இல்லை என்றால் பன்னிரண்டாவதைத் தொடங்காதீர்கள், காசாவது மிஞ்சும். இருந்தால் பெயரை எழுதி அனுப்புங்கள். என்னிடமும் கின்டில் இருக்கிறது.