பழைய மாருதி 800-இல் ஷாக் அப்சார்பர் ஆயில் வடிகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

உங்கள் வண்டி 2004 மாடல் மாருதி 800. முன் இடது ஷாக்கில் ஆயில் வடிகிறது, பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று அடிக்கிறது. சிட்ரோயன் வண்டிக்கு சஸ்பென்ஷன் ஆயில் ஊற்றும் வீடியோவைப் பார்த்துவிட்டு, இதற்கும் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊற்ற முடியாது. 1955-இல் வந்த சிட்ரோயன் டிஎஸ்ஸில் இரும்பு ஸ்பிரிங்கே கிடையாது. நைட்ரஜன் அடைத்த உருண்டைகள், இன்ஜின் சுற்றும் பம்ப், தனி ஆயில் டாங்க் எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தூக்கி நிறுத்தும். ஆயில் குறைந்தால் டாங்கில் ஊற்றலாம். நம் 800-இல் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். ஷாக்கின் வேலை அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். உள்ளே இருக்கும் பிஸ்டன் சின்னத் துளைகள் வழியே ஆயிலை நெருக்கித் தள்ளும். ஆட்டம் சூடாக மாறி அடங்கும். அது முழுக்க அடைத்த குழாய், ஊற்ற வழியே இல்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால்கூட முதலில் ஸ்பிரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

என்னுடையதும் 800தான், அப்பா வாங்கியது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தின்போது திருநெல்வேலி சிந்துபூந்துறையில் அக்கா வீட்டு வாசலில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு இன்ஜின், சீட், ஒயரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சக்கரத்துக்கு உள்ளே யாரும் குனிந்து பார்க்கவில்லை. சில மாதம் கழித்து சேரன்மகாதேவி ரோட்டில் போகும்போது முன்பக்கம் தூளி மாதிரி ஆட ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து பானெட் மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விட்டேன். ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டியது, மூன்று தடவை ஆடிற்று.

ஒரு பட்டறையில் ஷாக்கை அறுத்து, ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீலைப் புதிதாகப் போட்டு, ஆயில் நிரப்பி, வெல்டு வைத்துக் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் மறுபடி வடிந்தது. இந்தத் தடவை நானே கழற்றினேன். பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடை மூடியிருக்கும் ரப்பர் டஸ்ட் கவர் அடி மடிப்பில் கிழிந்திருந்தது. மடிப்புகளுக்குள் ஆற்று வண்டல் காய்ந்து, விரலில் எடுத்தால் திருநீறு மாதிரி வந்தது. ராடைத் துணியால் துடைத்துவிட்டு, அதைச் சுற்றி நகத்தை இழுத்துப் பார்த்தேன். பளபளவென்று இருந்த குரோம் மேல் மயிரிழைக் கோடுகள், நகம் தட்டித் தட்டி நின்றது. அந்தக் கோடுகள் ஒவ்வொரு பள்ளத்திலும் ஏறி இறங்கிப் புது சீலை அறுத்திருக்கின்றன. சீல் நல்ல சீல்தான், கெட்டது ராடு. கவர் கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் ஷாக் பிழைத்திருக்கும்.

நீங்களும் உடனே புது ஷாக் வாங்க வேண்டாம். மண்ணெண்ணெய்த் துணியால் குழாயைச் சுத்தமாகத் துடைத்து, இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். லேசான ஈரமும் தூசியும் என்றால் பயமில்லை. வழிந்து கீழே வரை நனைந்தால் ஷாக் முடிந்தது. அப்புறம், ‘டொக்’ சத்தம் பிரேக் பிடிக்கும்போதும் வருகிறதா? இந்த வண்டியில் லோயர் ஆர்மை (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) முன்பின் நகராமல் பிடிப்பதும் ஸ்டெபிலைசர் பார்தான் (இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பி). அதன் ரப்பர் புஷ் தேய்ந்தாலும் இதே சத்தம் வரும்.

ஷாக்தான் என்று உறுதியானால் வீட்டிலேயே கழற்றலாம். சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பிரேக் ஹோஸை ஷாக்கிலிருந்து விடுவித்துவிடுங்கள், அது இழுபடக் கூடாது. கீழே உள்ள இரண்டு போல்ட்டுக்கும் பெயின்டால் அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். பானெட்டுக்குள் மேலே ஓரத்து நட்டுகளை மட்டும் எடுக்க வேண்டும். நடு நட்டைத் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. கழன்றால் ஆளைக் கொன்றுவிடும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முழு ஸ்ட்ரட்டையும் எடுத்துக்கொண்டு, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசர் இருக்கும் இடத்துக்குப் போய் ஷாக்கை மாற்றி வாங்கி வாருங்கள். நான் பாளையங்கோட்டையில் அப்படித்தான் செய்தேன். அங்கிருந்த அண்ணாச்சி, “ஒத்தைய மட்டும் மாத்தாதிய தம்பி, சோடியாத்தான் மாத்தணும்” என்றார். சரியான பேச்சு. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் அவசர பிரேக்கில் வண்டி ஒரே சீராக நிற்காது.

புது ஷாக்கைப் பூட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுசாக அமுக்கி இழுக்கச் சொல்லுங்கள். கடையில் படுத்தே கிடந்ததில் உள்ளே காற்று ஏறியிருக்கும். டஸ்ட் கவரும், ஷாக் முழுசாக அமுங்கும்போது அடி தாங்கும் பம்ப் ஸ்டாப்பும் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பூட்டி முடித்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், டயரை ஒரு பக்கமாகத் தின்றுவிடும்.

துடைத்துப் பார்த்துவிட்டு என்ன தெரிந்தது என்று கீழே எழுதுங்கள். ராடில் நகம் தட்டுகிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.