விண்ணப்பக் கட்டுரையில் அக்குபங்சரை எழுதலாமா?

அன்புள்ள டாக்டர்,

இந்த ஆண்டு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். ஒரு வலி நிவாரண மையத்தின் அக்குபங்சர் பிரிவில் தன்னார்வலராக இருந்தேன். மாற்று மருத்துவத்தில் ஆர்வம் வந்தது அங்கேதான். அதை எழுதினால் அறிவியலை நம்பாதவள் என்று நினைத்துவிடுவார்கள், எடுத்துவிடு என்கிறார் கல்லூரி ஆலோசகர். வரைவை இணைத்திருக்கிறேன். அங்கே ஒரு பாட்டி, மாத்திரை விவரமெல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு, நான் கேட்டதும் கைப்பையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகைப் புட்டியை எடுத்துக் காட்டினார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர். உடனே நர்ஸிடம் சொன்னேன். இதெல்லாம் கட்டுரைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மற்றதையும் எடுத்துவிடவா?

ம.

அன்புள்ள ம.,

எடுக்க வேண்டாம். ஆனால் வரைவு இப்படியே போகவும் கூடாது. ‘உடலை முழுமையாகப் பார்க்கும் மருத்துவம்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது, நோயாளி ஒருவர்கூட வரவில்லை. படிக்கிறவருக்கு இது பிரசாரமாகத்தான் படும். உங்கள் ஆலோசகர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தப் பாட்டிதான் உங்கள் கட்டுரை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி வார்ஃபரினைச் சீக்கிரம் சிதைத்துவிடும். ரத்தம் உறையாமல் காக்கும் பலன் குறைந்துபோகும். கருத்தடை மாத்திரைக்கும், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினுக்கும் இதே கதிதான். 1993-ல் ஐசன்பெர்க் குழு வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்களில் மூன்றில் ஒருவர் ஓராண்டுக்குள் இப்படி ஏதாவது ஒரு மாற்றுச் சிகிச்சையை நாடியிருந்தார். அவர்களில் பத்தில் ஏழு பேர் அதைத் தங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. திட்டுவார்களோ என்று மறைக்கிறவர்களும் உண்டு, ‘இது மருந்தா என்ன’ என்று சொல்லாமல் விடுகிறவர்களும் உண்டு. உங்களிடம் அந்தப் பாட்டி சொன்னார். ஏன் சொன்னார், நீங்கள் எப்படிக் கேட்டீர்கள், அதை எழுதுங்கள். இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகள்தான் தருகிறார்கள். பாதியை இதற்கே கொடுத்தாலும் தகும்.

அக்குபங்சரைப் பற்றி எழுதும்போது அளந்து எழுதுங்கள். நாள்பட்ட முதுகுவலிக்கு முதலில் முயன்று பார்க்கக்கூடிய மருந்தில்லா வழிகளில் ஒன்றாக, அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி (ACP) என்ற மருத்துவர் சங்கம் 2017-ல் அதைச் சேர்த்தது. அவ்வளவு சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ‘சக்தி ஓட்டம்’ பத்தியை முழுசாக எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நேர்முகத் தேர்வு. ‘கீமோ வேண்டாம், மூலிகை போதும் என்று நோயாளி சொன்னால்?’ என்று கேட்கலாம். குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆபத்தை மழுப்பாமல் நோயாளியிடம் சொல்வேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவர் முடிவு எதுவானாலும் தொடர்ந்து என்னிடமே வரச் சொல்வேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குழுவுக்கு உங்கள் ஆர்வத்தால் சங்கடமில்லை. சான்று எதிராக வந்தால் இந்தப் பெண் எந்தப் பக்கம் நிற்பாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன். பாட்டியின் பெயர், வயது எதுவும் அதில் இருக்க வேண்டாம்.